நடையை மட்டும் அளக்காதீர்கள்

தண்டுவடக் காயத்தைப் படிக்கவும் ஆராயவும் முன்வந்திருக்கும் இளம் மருத்துவர்களுக்கும், இயன்முறை மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும்,



நான் மருத்துவர் அல்ல. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, கழுத்தில் தண்டுவடம் நசுங்கிய ஒருவரின் தங்கை. அண்ணனுக்கு ஆறாம் கழுத்து நரம்பு வரை வேலை செய்கிறது. தோளைத் தூக்குவார், முழங்கையை மடக்குவார், மணிக்கட்டை மேலே நிமிர்த்துவார். விரல்களை அவரால் அசைக்க முடியாது. நெஞ்சுக்குக் கீழே சூடு, குளிர், வலி எதுவும் தெரியாது. அவரைப் புரட்டிப் படுக்கவைத்தும், குளிப்பாட்டியும், சிறுநீர்க் குழாய் மாற்றியும் கற்றதோடு, அந்தத் தவிப்பில் தேடிப் படித்ததையும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

அடிபட்ட நாளிலிருந்து எங்களைச் சூழ்ந்தது ஒரே கேள்விதான். “எழுந்து நடந்துருவாரா?” உறவுக்காரர்கள் கேட்டார்கள், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கேட்டார்கள், நாங்களும் மருத்துவர்களிடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டோம். அண்ணன் கொஞ்ச நாளில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். “கையால ஒரு வாய் சோறு எடுத்து நானே சாப்பிட முடியுமா? நீ வெளிய போயிருக்கறப்ப பை நெறஞ்சுட்டா என்ன பண்றது?” என்று கேட்கத் தொடங்கினார். இந்தக் கேள்விகளுக்கு உங்கள் துறை இன்னும் போதிய கவனம் கொடுக்கவில்லை என்பதுதான் என் முறையீடு.

இது என் அண்ணன் ஒருவரின் மனநிலை என்று நினைத்துவிடாதீர்கள். தாமே கழுத்துத் தண்டுவடக் காயத்தோடு வாழும் அமெரிக்க ஆய்வாளர் கிம் ஆண்டர்சன், காயம்பட்ட 681 பேரிடம் எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை மேம்படும் என்று கேட்டு 2004-ல் வெளியிட்டார். கை கால் நான்கும் செயலிழந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதலிடம் கொடுத்தது கைக்கும் விரலுக்கும். இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களிடம் முதலிடம் பெற்றது உடலுறவு. சிறுநீர், மலம் ஆகியவற்றின் கட்டுப்பாடு இரு சாராருக்கும் முக்கியமாக இருந்தது. நடை இரு சாராரிடமும் முதலிடம் பெறவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும், நம் வார்டுகளில் திருமணமான ஓர் இளைஞனிடமோ இளம்பெண்ணிடமோ தாம்பத்தியம் பற்றி ஒரு வார்த்தை பேசுகிற மருத்துவரைப் பார்ப்பது அரிது. பெண்ணாக இருந்தால் கருத்தரிக்க முடியுமா என்றுகூடச் சொல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலான பெண்களுக்குச் சில மாதங்களில் மாதவிடாய் திரும்பிவிடும், கருத்தரிக்கவும் முடியும். அதைச் சொல்ல எந்தக் கருவியும் தேவையில்லை.

இனி அளவைப் பற்றி. உங்கள் கையில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கம் 1982-ல் முதன்முதலாக வகுத்து, இன்று உலகம் முழுக்கப் பயன்படும் ஏசியா தரப்படுத்தல். உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களில் பஞ்சால் தொட்டும் ஊசி முனையால் குத்தியும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பத்துத் தசைகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். கடைசியில் ஆசனவாயில் உணர்வும் சுருக்கமும் இருக்கிறதா என்ற சோதனை. பலர் கூச்சப்பட்டுத் தாண்டிவிடுகிற அந்தக் கடைசிச் சோதனைதான் காயம் முழுமையானதா, ஓரளவு நரம்பு மிஞ்சியிருக்கிறதா என்பதைச் சொல்கிறது. ஏ முதல் ஈ வரை எந்தத் தரம் என்பது அதைப் பொறுத்தது. ஏ தரத்துக்கும் பி தரத்துக்கும் நடுவே ஒரு குடும்பத்தின் எதிர்பார்ப்பே மாறும்.

இதற்கு வேண்டியது ஒரு குண்டூசி, கொஞ்சம் பஞ்சு, கையுறை, பொறுமை. ஆனால் நான் பார்த்த டிஸ்சார்ஜ் தாள்கள் பலவற்றில் “குவாட்ரிப்ளீஜியா” என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. என்ன தட்டு வைத்தார்கள், எத்தனை ஸ்க்ரூ என்பதெல்லாம் விவரமாக இருக்கும். எந்த நரம்பு வரை உணர்வு இருந்தது, எந்தத் தசை எவ்வளவு இழுத்தது என்பது இருக்காது. முதல் வாரத்தில் பதியாத அந்தக் கணக்கை ஆறு மாதம் கழித்து யாராலும் மீட்க முடியாது. நோயாளி தேறினாரா, தேறினால் எதனால் தேறினார் என்று நாளை நீங்கள் எழுதப்போகும் எந்த ஆய்வுக்கும் அடித்தளம் அந்த ஒரு தாள்தான்.

அதே சமயம், அந்த மதிப்பெண்ணே முழு வாழ்க்கை ஆகிவிடாது. இதை மெத்தில்பிரெட்னிசோலோன் வரலாறு காட்டுகிறது. 1990-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு, அடிபட்ட எட்டு மணி நேரத்துக்குள் இந்த ஸ்டீராய்டை மிக அதிக அளவில் ஏற்றினால் தசை மதிப்பெண் சில புள்ளிகள் கூடுகிறது என்றது. உலகமே அதைப் பின்பற்றியது. கூடிய அந்தப் புள்ளிகளால் ஒருவர் தானாகச் சட்டை போட முடிந்ததா, நாற்காலிக்கு மாற முடிந்ததா என்று அந்த ஆய்வு அளக்கவில்லை. தொற்று, குடலில் ரத்தக்கசிவு போன்ற பக்கவிளைவுகள் பற்றிய கவலை வளர்ந்தது. 2013-ல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் அதைத் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்றும் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தொடக்கத்திலேயே சரியான கேள்வியைக் கேட்டிருந்தால் இத்தனை ஆண்டுக் குழப்பத்தில் பாதியாவது குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அந்தச் சரியான கேள்வியைக் கேட்கிற அளவுகோலும் இருக்கிறது. இஸ்ரேலில் அமிராம் காட்ஸ் குழுவினர் 1997-ல் வெளியிட்ட ஸ்கிம் அளவுகோலில் மொத்தம் 100 மதிப்பெண். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது ஆகியவற்றுக்கு 20. மூச்சு, சிறுநீர், மலம் மூன்றுக்கும் சேர்த்து 40. நகர்வதற்கு 40. ஒரு மனிதரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதை உணர்ந்தவர்கள் வகுத்த பங்கீடு இது. உங்கள் ஆய்வு எதுவானாலும் ஏசியாவோடு இதையும் சேர்த்துப் பதியுங்கள்.

தண்டுவடக் காயத்தில் உயிரைக் காத்த கண்டுபிடிப்புகள் எவை என்று தேடிப் போனபோது எனக்குப் பெரிய வியப்பு காத்திருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தக் காயம் பட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தார்கள். கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியபோது அவரிடம் புது மருந்து ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார். சிறுநீரை முறையாக வெளியேற்ற வைத்தார். படுக்கையில் கிடந்தவர்களை வேலைக்கும் விளையாட்டுக்கும் இழுத்தார். 1948-ல் அந்த வளாகத்தில் அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியிலிருந்துதான் பாராலிம்பிக் வளர்ந்தது.

1972-ல் அமெரிக்காவில் ஜாக் லாபிடஸ் இன்னொரு எளிய உண்மையை நிறுவினார். சிறுநீர்ப்பையைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை குழாய் செலுத்திக் காலி செய்வதற்கு அறுவை அரங்கத்தின் கிருமியற்ற சூழல் கட்டாயமில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும். நிரந்தரமாகக் குழாயும் பையுமாக இருக்க வேண்டியவர்கள் பலர் இதனால் விடுபட்டார்கள், சிறுநீரகங்களும் பிழைத்தன. விலை சில ரூபாய். இன்று நம் கிராமங்களில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறோம்? நிரந்தரக் குழாயோடு அனுப்பிவிட்டு, “மாசத்துக்கு ஒருதடவ மாத்திக்கங்க” என்பதோடு முடித்துவிடுகிறோம். எங்கே மாற்றுவது, யார் மாற்றுவது என்பது அந்தக் குடும்பத்தின் பாடு. பெண்களோ, வெளியே போனால் நாற்காலி நுழைகிற கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். கல்லும் தொற்றும் அங்கேதான் தொடங்குகின்றன.

நடக்க வைக்கும் ஆய்வுக்காக உலகிலேயே அதிகம் குரல் கொடுத்தவர் கிறிஸ்டோபர் ரீவ். சூப்பர்மேனாக நடித்தவர், 1995-ல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். பணமும் புகழும் மருத்துவர்களும் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். படுக்கைப் புண் தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த நேரத்தில் 2004 அக்டோபரில் அவர் இறந்தார். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. அவருக்கே அந்தக் கதி என்றால், வாட்டர் பெட் வாங்கக் கடன் தேடுகிற வீட்டில் கிடப்பவருக்கு யார் பொறுப்பு?

இன்னொன்று. நெஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் திடீரென ரத்த அழுத்தம் எகிறும். தலை பிளக்கும், முகம் சிவக்கும், வியர்வை கொட்டும். ஆறாவது மார்பு நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயம் உள்ளவர்களுக்கு இது வரலாம். காரணம் பெரும்பாலும் அற்பமானது. குழாய் மடங்கிச் சிறுநீர் தேங்கியிருக்கும், மலம் இறுகியிருக்கும், ஆடை எங்கோ இறுக்கியிருக்கும். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஆடையைத் தளர்த்தி, குழாயைப் பார்க்க வேண்டும். கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகும். அண்ணனுக்கு ஓர் இரவு இப்படி ஆனபோது, நாங்கள் ஓடிய ஒரு மருத்துவமனையில் இருந்தவர்கள் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, அழுத்தத்துக்கு மாத்திரை கொடுக்கப் பார்த்தார்கள். மடங்கிக் கிடந்த குழாயை நிமிர்த்தியது என் அம்மா. தண்டுவடக் காயம்பட்ட ஒவ்வொருவருக்கும் இதைத் தமிழில் அச்சிட்ட ஒரு சிறு அட்டையைப் பையில் வைத்து அனுப்ப வேண்டும். எந்த மருத்துவர் படித்தாலும் புரியும்படி அது இருக்க வேண்டும்.

கைக்கு வருகிறேன். மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கும், மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரியும். ஆறாம் கழுத்து நரம்பு வரை தப்பியவர்களுக்கு இயற்கை விட்டுவைத்த பிடி இது. இந்தப் பிடியால்தான் அண்ணன் இன்று டம்ளரைத் தூக்குகிறார். ஆனால் விரல் வளைந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் நீட்டி நீட்டிப் பயிற்சி கொடுத்தால் விரல்களை மடக்கும் தசைநாண்கள் தளர்ந்து பிடி போய்விடும். இது தெரிந்த ஓர் இயன்முறை மருத்துவர் தக்க நேரத்தில் எங்களைத் தடுத்தார். அவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

கையை மீட்பதில் நம் மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் செயலிழந்த விரல்களுக்கு வேலை செய்கிற தசையின் நாணை மாற்றிக் கட்டி உயிர் கொடுத்தார். அதே கல்லூரியில் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-ல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது, இந்தியாவில் அந்த வகையில் முதலாவது. காயம்பட்டவரே மருத்துவராகவும் இருந்ததால் எதை முதலில் கவனிப்பது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிராண்ட் செய்த அதே வகை நாண் மாற்று அறுவை தண்டுவடக் காயத்துக்கும் பயன்படுகிறது. அதற்கு அடுத்த படியாக, ஆஸ்திரேலியாவில் நட்டாஷா வான் ஜில் குழுவினர், வேலை செய்யும் நரம்பைச் செயலிழந்த தசைக்குத் திருப்பி இணைத்து, முழங்கையை நீட்டவும் பொருளைப் பற்றவும் கிள்ளவும் வைத்ததாக 2019-ல் வெளியிட்டார்கள். இதில் காலக்கெடு உண்டு. தாமதித்தால் சில தசைகள் திரும்ப வராத அளவுக்கு நலிந்துவிடும். அதனால்தான் முதல் வாரத்துச் சோதனைத் தாளுக்காக நான் இவ்வளவு மன்றாடுகிறேன். கை அறுவைக்குத் தகுதியானவர் என்பதே தெரியாமல் எத்தனை பேர் அந்தக் கெடுவைத் தாண்டியிருப்பார்கள்!

புதிய ஆய்வுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கழுத்தின் தோல்மேல் மின்முனை ஒட்டித் தண்டுவடத்தைத் தூண்டிக்கொண்டே கைப்பயிற்சி கொடுக்கும் முறையை 60 பேரிடம் சோதித்து 2024-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 72 விழுக்காட்டினருக்குக் கை வலிமையும் செயலும் முன்னேறின. காயம்பட்டுப் பல பத்தாண்டுகள் கடந்தவர்களும் அதில் உண்டு. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அதற்கான கருவிக்கு அனுமதி வழங்கியது. கைக்காகச் செய்யப்பட்ட ஆய்வு என்பதாலேயே எனக்கு அதன்மேல் தனி மதிப்பு. ஜப்பானின் கேயோ பல்கலைக்கழகம் ஐ.பி.எஸ். எனப்படும் ஒருவகை ஸ்டெம் செல்களை 4 பேருக்குச் செலுத்தி, இருவருக்கு இயக்கம் முன்னேறியதாக 2025-ல் அறிவித்தது. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் நான்கே பேர், ஒப்பிட வேறு குழு இல்லை. அடிபட்ட சில வாரங்களில் செலுத்தப்பட்டது, இயல்பாகவே ஓரளவு தேறும் காலம் அது.

இந்த நுணுக்கம் நம் ஊர்க் குடும்பங்களுக்குப் போய்ச் சேருவதில்லை. “ஜப்பானில் எழுந்து நின்றார்” என்று படித்த கையோடு “ஸ்டெம் செல் சிகிச்சை, உடனே அழையுங்கள்” என்ற விளம்பரம் கண்ணில் படுகிறது. நகையையும் நிலத்தையும் விற்றுப் பல லட்சம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் ஏமாளிகள் அல்லர், பாசத்தில் செய்தார்கள். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. இதை உங்கள் வாயால், தமிழில், மாவட்ட மருத்துவமனை வராந்தாவில் நின்று சொல்லுங்கள். காசு கேட்டால் அது ஆய்வல்ல என்ற ஒரு வரி போதும், சில வீடுகள் தப்பிவிடும்.

தமிழ்நாட்டில் அடித்தளம் இல்லாமல் இல்லை. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் திட்டம் 2021-ல் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையைக் கொண்டுவருகிறது. இரண்டுக்கும் நடுவேதான் பள்ளம். அறுவை முடிந்து தையல் பிரித்ததும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர், புரள, உட்கார, நாற்காலிக்கு மாற, குழாய் போடக் கற்பதற்கு ஓர் இடம் வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. சாரத்திலிருந்தும் மரத்திலிருந்தும் விழுந்தவர்களுக்கு அந்த 48 மணி நேரத் திட்டமும் கிடையாது.

நீங்கள் ஆராய வேண்டியவை இங்கே குவிந்து கிடக்கின்றன. காயத்துக்குக் கீழே வியர்க்காத உடல் சித்திரை வெயிலை எப்படித் தாங்குகிறது? தகரக் கூரையின்கீழ் எவ்வளவு நேரத்தில் காய்ச்சல் ஏறுகிறது? நம் வீட்டுப் பெண்கள் தனி ஆளாக ஒருவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டும்போது அவர்கள் முதுகு என்னவாகிறது? இலவம்பஞ்சு மெத்தைக்கும் ஏர் பெட்டுக்கும் புண் வருவதில் என்ன வேறுபாடு? டிஸ்சார்ஜ் ஆன ஐந்து ஆண்டில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? குளிர்நாட்டு ஆய்வுகள் இதற்கெல்லாம் விடை சொல்லாது. இவற்றுக்குக் கோடிகளும் தேவையில்லை.

திட்டமிடும்போது எங்களைக் கூப்பிடுங்கள். ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும், திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீயைத் தொடங்கிய ப்ரீத்தி ஸ்ரீநிவாசனும் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்கள்தாம். அவர்களைப் போல நிறுவனம் நடத்தாதவர்களிடமும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களிடமும் உங்கள் ஆய்வுக்கு வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் தேடி வராமல், கேள்வியை எழுதும் நாளிலேயே வாருங்கள். உங்கள் அடுத்த ஆய்வின் முதல் கூட்டத்துக்குத் தண்டுவடக் காயத்தோடு வாழும் இருவரையாவது அழையுங்கள். கூட்டம் நடக்கும் அறைக்குச் சாய்தளமும், நாற்காலி நுழையும் கழிப்பறையும் இருக்கின்றனவா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு தங்கை